பொத்தான் இல்லை, ஓர் அட்டைதான்: அணு ஆயுத உத்தரவு எப்படிப் போகிறது?

2018 புத்தாண்டு உரையில் வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன், அணு ஆயுதப் பொத்தான் எப்போதும் தன் மேசை மேலேயே இருப்பதாகச் சொன்னார். என்னிடம் இருப்பது அதைவிடப் பெரியது என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் பதில் போட்டார். ஆனால் அமெரிக்க அதிபரின் மேசையில் அப்படி ஒரு பொத்தான் கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பணியாளர் டயட் கோக் கொண்டுவருவார், அவ்வளவுதான்.

உண்மையில் இருப்பவை ஓர் அட்டை, ஒரு பெட்டி, ஒரு தொலைபேசி இணைப்பு, அதன் மறுமுனையில் உத்தரவுக்குக் கீழ்ப்படியப் பயிற்சி பெற்ற சில நூறு பேர். இந்த ஏற்பாட்டைக் கட்டளை-கட்டுப்பாட்டு அமைப்பு என்பார்கள். எந்த நாட்டிடம் எத்தனை குண்டு என்ற கணக்கு செய்திகளில் அடிக்கடி வருகிறது. உலகம் முழுக்கச் சுமார் 12,000, அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது ரஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரிய, எண்ணிக்கையைவிட இந்த அமைப்பைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு தேவைகள்

அணு ஆயுதம் வைத்திருக்கும் எந்த அரசும் தன் அமைப்பிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. உரியவர் உத்தரவிட்டால் ஆயுதம் கட்டாயம் புறப்பட வேண்டும். உரியவர் உத்தரவிடாவிட்டால், விபத்தோ திருட்டோ கலகமோ எது நடந்தாலும் அது புறப்படக் கூடாது. முதலாவது இல்லையென்றால் எதிரி பயப்பட மாட்டான். இரண்டாவது இல்லையென்றால் சொந்த நாட்டவரே பயப்பட வேண்டியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். வீட்டுக்கு ஐந்து பூட்டு போட்டால் திருடனுக்குக் கஷ்டம்தான். நடுராத்திரி தீப்பிடித்தால் அந்த ஐந்து சாவியையும் தேடிக்கொண்டு நிற்பது நாம். கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம், ஒவ்வொரு நாடும் எத்தனை பூட்டு போட்டது, யாரிடம் சாவி கொடுத்தது என்ற கதைதான்.

ஒரே ஆளிடம் ஏன் கொடுத்தார்கள்?

அதிபர் ஒருவர் மட்டும் முடிவெடுக்கலாம் என்ற ஏற்பாட்டைப் பார்த்ததும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும்.

1945 ஜூலை 25 அன்று அமெரிக்க விமானப்படைக்குப் போன உத்தரவில், ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி முதல் குண்டைப் போடலாம், அடுத்தடுத்த குண்டுகளைத் தயாராகத் தயாராகப் போடலாம் என்று இருந்தது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு நாகசாகிக்கு என்று அதிபர் ட்ரூமன் தனியாக உத்தரவு எதுவும் போடவில்லை. முதல் உத்தரவே இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. தேதியைத் தீர்மானித்ததில் களத்தில் இருந்தவர்களின் வசதியும் வானிலையும் முக்கியம். நாகசாகி மீது குண்டு விழுந்த மறுநாள், ஆகஸ்ட் 10 அன்று, தன் நேரடி அனுமதி இல்லாமல் இனி ஒரு குண்டும் போடக் கூடாது என்று ட்ரூமன் நிறுத்தினார். 1946-இல் வந்த அணுசக்திச் சட்டம், அணு ஆயுதத் திட்டத்தையே ராணுவத்திடமிருந்து எடுத்து, சீருடை அணியாத, ராணுவம் சாராத ஆணையம் ஒன்றிடம் கொடுத்தது.

ஆக, தனி ஒருவரின் அதிகாரம் என்பது தளபதிகளிடமிருந்து குண்டைப் பிடுங்கி, மக்கள் தேர்ந்தெடுத்தவரிடம் கொடுக்கப்போய் உருவானது. கை பரபரக்கும் ஜெனரலைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. கை பரபரப்பது அதிபருக்கு என்றால் என்ன செய்வது என்று அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

பிறகும் ஓட்டைகள் இருந்தன. 1950-களின் கடைசியில் அதிபர் ஐசனோவர், தன்னைத் தொடர்புகொள்ள முடியாத அவசரத்தில் பயன்படுத்தலாம் என்று சில தளபதிகளுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைத்திருந்தார். ஐரோப்பாவில் நேச நாடுகளின் போர் விமானங்களிலேயே அமெரிக்க அணுகுண்டுகள் மாட்டப்பட்டிருந்தன. 1960 டிசம்பரில் பார்வையிடப் போன அமெரிக்க நாடாளுமன்றக் குழுவினர், அந்த விமானங்களுக்குக் காவலாகத் துப்பாக்கியோடு ஓர் அமெரிக்கச் சிப்பாய் நிற்பதைப் பார்த்து அதிர்ந்துபோனார்கள். விமானியும் விமானமும் வேறு நாட்டுடையவை, நடுவில் இருந்தது இந்த ஓர் இளைஞன் மட்டுமே. 1962 ஜூனில் அதிபர் கென்னடி, ஐரோப்பாவில் உள்ள குண்டுகளில் சங்கேத எண் போட்டால்தான் திறக்கும் பூட்டைப் பொருத்த உத்தரவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே ஆண்டு அக்டோபர் 27, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் மூண்ட நெருக்கடியின் உச்சம். அமெரிக்கக் கடற்படை வெடிகளைப் போட்டு மேலே வரச் சொன்ன சோவியத் நீர்மூழ்கி பி-59-இல் அணு முனை கொண்ட டார்பிடோ ஒன்று இருந்தது. மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. கப்பலின் தலைவர் அதை ஏவத் தயாரானார் என்றும், உடன் இருந்த அதிகாரி வசிலி ஆர்கிபோவ் அவரை அமைதிப்படுத்தினார் என்றும் கப்பலில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். பூட்டு இல்லாத இடத்தில் மனிதர்தான் பூட்டு.

உத்தரவு போகும் வழி

அமெரிக்க நடைமுறைதான் அதிகம் வெளியே தெரிந்தது என்பதால் அதை எடுத்துக்கொள்வோம்.

ரஷ்யாவிலிருந்து ஒரு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை புறப்பட்டால் அமெரிக்காவை அடையச் சுமார் 30 நிமிடம். அருகில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியிலிருந்து வந்தால் அதில் பாதியோ அதற்கும் குறைவோ. ஏவுகணையின் நெருப்பை அகச்சிவப்புச் செயற்கைக்கோள்கள் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடும். ஏவுகணை மேலெழுந்து தரை ராடார்களின் பார்வைக்குள் வர இன்னும் சில நிமிடம் பிடிக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் எச்சரிக்கை மையத்தின் முதல் வேலை. ஒன்று மட்டும் அலறினால் சந்தேகப்பட வேண்டும்.

ஆபத்து உண்மை என்று தோன்றினால் அதிபரும் ராணுவத் தலைமையும் தொலைபேசிக் கலந்தாய்வில் இணைக்கப்படுவார்கள். அதிபர் எங்கே போனாலும் கூடவே ஒரு ராணுவ அதிகாரி கறுப்புத் தோல் உறை போட்ட கனத்த பெட்டியோடு போவார். அதன் செல்லப்பெயர் ஃபுட்பால், எடை சுமார் 20 கிலோ. அதற்குள் பொத்தான் இல்லை. எந்த இலக்குகளை எந்த அளவில் தாக்கலாம் என்ற தேர்வுப் பட்டியலும், பாதுகாப்பாகத் தொடர்புகொள்வதற்கான ஏற்பாடுகளும் இருக்கும். ஹோட்டலில் மெனு கார்டைப் பார்ப்பதுபோல, அந்தப் பட்டியலிலிருந்துதான் அதிபர் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலைமையைக் கேட்டு, புரிந்து, தேர்ந்தெடுக்க அவருக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம்.

அடுத்தது அட்டை. பிஸ்கட் என்று அழைக்கப்படும் இந்தப் பிளாஸ்டிக் அட்டையை அதிபர் தன்னோடு வைத்திருக்க வேண்டும். மறுமுனையில் இருக்கும் அதிகாரி இரண்டு எழுத்துகளைச் சொல்வார். அட்டையைப் பார்த்து அதற்குரிய பதிலை அதிபர் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால், பேசுவது அதிபர்தான் என்று உறுதியாகிவிட்டது.

பிறகு அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனிலிருந்து ஏவும் படைகளுக்குச் சங்கேதச் செய்தி போகும். அதன் நீளம் ஏறத்தாழ 150 எழுத்து, ஒரு குறுஞ்செய்தி அளவு. மொன்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங் பக்கத்துச் சமவெளிகளில் நிலத்தடிக் குழிகளில் 400 மினிட்மேன் ஏவுகணைகள் நிற்கின்றன. ஐந்து கட்டுப்பாட்டு அறைகள் சேர்ந்தது ஒரு பிரிவு, அதற்கு 50 ஏவுகணைகள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு அதிகாரிகள். வந்த சங்கேதத்தை இருவரும் தங்கள் பெட்டகத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஒரே நேரத்தில் சாவியைத் திருப்ப வேண்டும். ஒருவர் கைக்கு இரண்டு சாவியும் எட்டாது. தவிர, ஐந்து அறைகளில் குறைந்தது இரண்டு அறைகள் திருப்பினால்தான் ஏவுகணை கிளம்பும்.

இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். மனசாட்சி உறுத்தி ஓர் அறை மறுத்தாலும் எதுவும் நிற்காது, மற்ற இரண்டு அறைகள் போதும். உத்தரவு வந்து சேர்ந்த ஓரிரு நிமிடத்தில் ஏவுகணைகள் புறப்பட்டுவிடும். நீர்மூழ்கிகளுக்குச் சுமார் கால் மணி நேரம். கிளம்பிய ஏவுகணையைத் திரும்ப அழைக்கவோ நடுவானில் அழிக்கவோ வழி வைக்கவில்லை, எதிரி அந்த வழியைக் கண்டுபிடித்துவிடுவான் என்ற அச்சத்தால்.

சரிபார்ப்பது ஆளை, முடிவை அல்ல

மேலே சொன்ன வரிசையில் ஒன்றைக் கவனித்திருக்கலாம். எத்தனையோ சரிபார்ப்புகள், ஆனால் எல்லாமே ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன: உத்தரவிட்டது உரியவர்தானா? உத்தரவு சரியானதுதானா என்று கேட்க ஓர் இடமும் இல்லை. பாதுகாப்பு அமைச்சருக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. துணை அதிபர், நாடாளுமன்றம், நீதிமன்றம் யாருக்கும் கிடையாது.

1973-இல் ஏவுகணைப் பயிற்சியில் இருந்த விமானப்படை மேஜர் ஹரால்ட் ஹெரிங் வகுப்பில் இதைத்தான் கேட்டார். எனக்கு வரும் உத்தரவு மனநிலை தெளிவாக உள்ள அதிபரிடமிருந்து வந்தது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? பதில் வரவில்லை, பணி நீக்கம்தான் வந்தது. கேட்ட காலத்தையும் பாருங்கள். வாட்டர்கேட் ஊழலில் அதிபர் நிக்சன் மூழ்கிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு, நிக்சனின் கடைசி நாட்களில், வெள்ளை மாளிகையிலிருந்து வழக்கத்துக்கு மாறான உத்தரவு வந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி பாதுகாப்பு அமைச்சர் ஷ்லெசிங்கர் தளபதிகளிடம் சொல்லி வைத்திருந்ததாகப் பிறகு தெரியவந்தது. அப்படிச் சொல்ல அவருக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை.

சட்டவிரோதமான உத்தரவை ராணுவத்தினர் மறுக்கலாம், மறுக்க வேண்டும் என்ற வாதமும் உண்டு. 2017 நவம்பரில் அமெரிக்க செனட் குழு விசாரித்தபோது, அணு ஆயுதப் படைகளின் முன்னாள் தலைமைத் தளபதி ராபர்ட் கெஹ்லர் இதையே சொன்னார். அப்படி நீங்கள் மறுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டார்கள். தெரியாது என்றார்.

ஆளைச் சரிபார்க்கும் ஏற்பாடாவது உறுதியானதா என்றால், அதிலும் மனிதர்களின் மறதி நுழைகிறது. 1981 மார்ச் 30 அன்று ரீகன் சுடப்பட்டபோது மருத்துவமனையில் வெட்டிக் கழற்றிய உடைகளோடு அட்டையும் போய், எஃப்.பி.ஐ. கைக்குச் சென்றது. கிளின்டன் காலத்தில் அட்டை பல மாதம் காணாமல் போயிருந்ததாக, அப்போது கூட்டுப் படைத் தலைவராக இருந்த ஹ்யூ ஷெல்டன் பின்னர் எழுதினார். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தபோது, துணை அதிபர் பென்ஸுக்கான மாற்றுப் பெட்டியும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. அட்டையோ பெட்டியோ திருடன் கையில் கிடைத்தால் மட்டும் ஏவுகணை கிளம்பிவிடாது. கவலை வேறு மாதிரியானது: அவசரத்தில் உரியவரிடம் அது இருக்காது.

எச்சரிக்கையே பொய்யாக இருந்தால்

நிறுவனமாக இந்த அமைப்பு அதிகம் தடுமாறியது இங்கேதான். 1979 நவம்பர் 9, பயிற்சிக்கான தாக்குதல் காட்சி அமெரிக்காவின் உண்மையான எச்சரிக்கைக் கணினியில் ஓடிவிட்டது. 1980 ஜூனில் ஒரு டாலருக்கும் குறைவான விலையுள்ள சிப் பழுதாகி, பூஜ்யங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 2 என்று காட்ட, நூற்றுக்கணக்கில் ஏவுகணை வருவதாகத் திரை சொன்னது.

1983 செப்டம்பர் 26 நள்ளிரவுக்குப் பிறகு, மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் சோவியத் செயற்கைக்கோள் ஐந்து அமெரிக்க ஏவுகணைகளைக் காட்டியது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அது பொய்யான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். அவர் கணக்கு எளிமையானது. முதல் அடி அடிக்கிறவன் ஐந்தோடு நிறுத்த மாட்டான், தரை ராடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. உயர மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் நெருப்பு என்று நினைத்தது. பெட்ரோவை வீரராகக் கொண்டாடுவது சரிதான். ஆனால் அன்று அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

1995 ஜனவரி 25 அன்று வடதுருவ ஒளியை ஆராய நார்வே ஏவிய ராக்கெட்டை ரஷ்ய ராடார் ஏவுகணை என்று எண்ணியது. நார்வே முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தது, அது ராடார் நிலையம்வரை போய்ச் சேரவில்லை. அதிபர் யெல்ட்சினின் பெட்டி அன்று உயிர் பெற்றது. ரஷ்யப் பெட்டியின் பெயர் செகெட். அதிபர், பாதுகாப்பு அமைச்சர், தலைமைத் தளபதி மூவரிடமும் ஒவ்வொன்று உண்டு. 1991 ஆகஸ்டில் கிரிமியாவில் ஓய்வில் இருந்த சோவியத் அதிபர் கோர்பச்சேவை வீட்டுக்காவலில் வைத்த சதிகாரர்கள், அவரது பெட்டியின் இணைப்பையும் துண்டித்தார்கள். சில நாட்களுக்கு உலகின் மிகப் பெரிய அணு ஆயுதக் கிடங்கின் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று வெளியில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை.

பிரிட்டன் இந்த அவசரத்தையே ஒதுக்கிவிட்டது. அதன் நான்கு நீர்மூழ்கிகளில் ஒன்றாவது 1969 முதல் எப்போதும் கடலில் இருக்கிறது. பதவியேற்கும் பிரதமர் தன் கைப்பட நான்கு கடிதங்கள் எழுதி, கப்பலுக்கு ஒன்றாகப் பெட்டகத்தில் வைப்பார். நாடும் அரசும் அழிந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். பதவி விலகும்போது பிரிக்காமலே அழித்துவிடுவார்கள். இதற்கு நேர் எதிர்க் கோடியில் வடகொரியா: தலைமைக்கோ கட்டளை அமைப்புக்கோ ஆபத்து வந்தால் தாக்குதல் தானாகவே நடக்கும் என்று 2022 செப்டம்பரில் சட்டமே போட்டது.

இந்தியா எங்கே நிற்கிறது?

2003 ஜனவரி 4 அன்று இந்திய அரசு வெளியிட்ட அறிக்கைதான் இன்றும் அடிப்படை ஆவணம். அணு ஆயுதக் கட்டளை ஆணையத்துக்கு இரண்டு அடுக்குகள். பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே உத்தரவிட முடியும். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான செயற்குழு தகவல் தரும், உத்தரவை நிறைவேற்றும். ஆயுதங்களை நிர்வகிப்பது வியூகப் படைகளுக்கான தனிக் கட்டளையகம். முதலில் பயன்படுத்த மாட்டோம், எதிரி பயன்படுத்தினால் பதிலடி பெரிதாக இருக்கும் என்பது கொள்கை. உயிரியல், வேதியியல் ஆயுதத் தாக்குதலுக்கும் அணு ஆயுதத்தால் பதிலளிக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்ற விலக்கும் அதே அறிக்கையில் இருக்கிறது.

முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதை அறநெறி அறிவிப்பாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் நடைமுறைப் பயனைக் கவனிப்பதில்லை. பாகிஸ்தானிலிருந்து ஏவுகணை வரச் சில நிமிடமே ஆகும். அதற்குள் முடிவெடுக்கும் போட்டியில் இறங்கினால் யாராலும் ஜெயிக்க முடியாது. அடி விழுந்த பிறகுதான் பதிலடி என்று வைத்துக்கொண்டால், திரையில் தெரிவது மேகமா ஏவுகணையா என்று பதற வேண்டியதில்லை. அதற்கு விலையும் உண்டு. அடிக்குப் பிறகும் உத்தரவிட ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும், உத்தரவு போகப் பாதை இருக்க வேண்டும், ஆயுதமும் மிஞ்ச வேண்டும். மாற்றுக் கட்டளை வரிசைக்கான ஏற்பாட்டுக்கும் ஒப்புதல் தரப்பட்டது என்று 2003 அறிக்கை குறிப்பிட்டது அதனால்தான். அந்த வரிசையில் யார் யார் என்பது ரகசியம்.

ஆயுதம் மிஞ்சுவதற்கு நீர்மூழ்கி. ஐ.என்.எஸ். அரிஹந்த் முதல் ரோந்தை முடித்ததை 2018 நவம்பரில் அரசு அறிவித்தது. அதன் அணு உலைக்கு முன்மாதிரி கல்பாக்கத்தில்தான் கட்டப்பட்டது. உத்தரவுப் பாதையிலும் தமிழ்நாடு இருக்கிறது. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் நுழையாது. 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையான மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் சில பத்து மீட்டர் ஆழம் இறங்கும். அதற்குப் பிரம்மாண்டமான ஆன்டெனா வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் வேலை இதுதான். இந்த அலையில் தகவல் மிக மெதுவாகத்தான் போகும், கப்பலால் அதே வழியில் பதில் சொல்லவும் முடியாது. ஆகவே செய்தி சில எழுத்துகளில் முடிய வேண்டும்.

நீர்மூழ்கி இன்னொரு பழக்கத்தையும் மாற்றிவிட்டது. இந்தியா அமைதிக் காலத்தில் வெடிமுனையை ஒரு துறையிடமும் ஏவுகணையை இன்னொரு துறையிடமும் பிரித்தே வைத்திருக்கிறது என்பது நிபுணர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தது. பல நாள் கடலுக்கடியில் இருக்கும் கப்பலில் அப்படிப் பிரித்து வைக்க முடியாது. உறைக்குள் மூடியே வைக்கப்படும் அக்னி-5 போன்ற ஏவுகணைகளிலும் அதே கேள்வி எழுகிறது. பூட்டுகளில் ஒன்று இதனால் குறைகிறது.

விபத்து வெறும் கற்பனை அல்ல. 2022 மார்ச் 9 அன்று பராமரிப்பின்போது தவறுதலாகக் கிளம்பிய பிரம்மோஸ் ஏவுகணை பாகிஸ்தானுக்குள் 100 கிலோமீட்டருக்கும் மேல் போய் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிமுனை இல்லை, யாரும் சாகவில்லை. இந்தியா இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டது, ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயரே எழும்பி வளைந்து வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளின் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்க இரு நாடுகளுக்கும் 2005 முதல் ஒப்பந்தம் இருக்கிறது. பிரம்மோஸ் விமானம்போலத் தாழ்வாகப் பறக்கும் க்ரூஸ் ரகம், ஒப்பந்தத்தில் அது வராது.

செய்தியில் பார்க்கும்போது

அணு ஆயுதப் படைகளை உஷார் நிலைக்குக் கொண்டுவந்தார் என்று தலைப்பு வந்தால், எது நகர்ந்தது என்று பாருங்கள். வார்த்தை மட்டுமா, ஆட்களா, வெடிமுனைகளா? 2022 பிப்ரவரி 27 அன்று, உக்ரைன் படையெடுப்பு தொடங்கிய நான்காம் நாள், ரஷ்ய அதிபர் புதின், அணு ஆயுதங்கள் அடங்கிய தடுப்புப் படைகளைச் சிறப்புப் பணி நிலைக்கு மாற்ற உத்தரவிட்டார். அப்படி ஒரு நிலை ரஷ்ய நடைமுறையில் இருப்பதாகவே வெளியில் இருந்த நிபுணர்களுக்குத் தெரியாது. மறுநாள் பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு தந்த விளக்கப்படி, கட்டளை மையங்களில் கூடுதல் ஆட்கள் பணிக்கு வந்திருந்தார்கள். கிடங்குகளிலிருந்து வெடிமுனை எதுவும் வெளியே எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்கா தன் உஷார் நிலையை மாற்றவில்லை.